பழ வாசனைக்குக் காகிதம் இல்லை

மத்தியான பேட்ச் உள்ளே வந்தாயிற்று. காலை பேட்ச் அப்படியே போட்டுவிட்டுப் போன சோதனைக் குழாய்களை லேப் ஆயா செல்லத்தாய் இன்னும் தொட்டியில் அலசிக்கொண்டிருக்கிறாள், கண்ணாடியும் கண்ணாடியும் இடிக்கிற சத்தம், ஒன்றாவது உடையும், உடைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள், சிரிக்கட்டும், இன்றைக்கு யாரையும் திட்ட எனக்குத் தெம்பில்லை. மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஓடினால் பர்னர் அணைந்துபோகும். மாசி வெயில் கூரை வழியாக உச்சந்தலையில் இறங்குகிறது, முதுகில் வேர்வை ஊர்ந்து ரவிக்கைக்குள் போகிறது, போகிறது என்பது தெரிகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. வேர்வைக்கு ஒரு வாசனை இருக்குமே, அது என்னிடமிருந்து இப்போது வருகிறதா, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அருள்தாஸ் சார் வரைக்கும் போகிறதா, அதுதான் தெரியாது. அவர் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு நடத்த வந்திருக்கும் எக்ஸ்டர்னல். நல்ல மனுஷன். கொஞ்சம் கறார், ஆனால் நல்ல மனுஷன். இடைவேளையில் எனக்கும் சேர்த்து வடை வாங்கிவரச் சொன்னார். நான் தின்றேன். எண்ணெய் இருந்தது, சூடு இருந்தது, மொறுமொறுப்பு இருந்தது. "பெருங்காயம் நல்லா தூக்கலா போட்டுருக்கான், என்ன டீச்சர்?" என்றார். "ஆமா சார், கமகமன்னு இருக்கு" என்றேன். பொய் சொல்ல இப்போதெல்லாம் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

எனக்கு வாசனை தெரியாது. அந்தப் பெரிய காய்ச்சல் வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது போனது, எல்லாருக்கும் போய் எல்லாருக்கும் திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. வரும் வரும் என்றார் டாக்டர். கிராம்பை மோந்து பாருங்க, எலுமிச்சையை மோந்து பாருங்க, தினமும் காலையில் பண்ணுங்க என்றார். பண்ணினேன். ஆறு மாசம் கிராம்பு டப்பாவில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "என்ன, ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" என்று கேட்பார். வரவில்லை. பிறகு கிராம்பைக் குருமாவில் போட்டுவிட்டேன். இது யாருக்கும் தெரியாது, அவருக்கும் டாக்டருக்கும் தவிர. பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவில்லை. எப்படி விடுவது? கண் தெரியாதவரை டிரைவராக வைத்துக்கொள்வார்களா? ரூபவதி டீச்சருக்கு மூக்கு வேலை செய்யவில்லையாம் என்று தலைமையாசிரியை காதுக்குப் போன மறுநிமிஷம் இந்த லேப் சாவி என் கையில் இருக்காது. ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள், பருப்பொருளின் மூன்று நிலைகள் யாவை, திண்மம் நீர்மம் வாயு, இரண்டு எடுத்துக்காட்டுத் தருக என்று ரிட்டயர் ஆகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சொல்லித் தொலைக்காதே என்று வீட்டுக்காரரும் சொன்னார். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை.

இந்த லேப்பில் என் பெயரே மூக்கு டீச்சர். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த பெயர், எனக்குத் தெரியும், எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமை. வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன், கடைசி மேசையில எவடி அசிட்டோன் மூடியைத் திறந்து வச்சிருக்கவ? ஒருத்தி அழுகின முட்டை என்று மூக்கைப் பிடித்தால் சல்பைடு, மூக்கில் சுருக்கென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தால் அம்மோனியா, வீட்டு ஊறுகாய் ஞாபகம் வந்தால் அசிட்டேட், மீன் மார்க்கெட் என்றால் அனிலின். நான் பிள்ளைகளிடம் சொல்வேன், மூலக்கூறு என்று புத்தகத்தில் படிக்கிறோம், கண்ணால் பார்க்க முடியாது என்கிறோம், ஆனால் வாசனை என்றால் என்ன, அந்தப் பொருளின் மூலக்கூறே பறந்து வந்து உன் மூக்குக்குள் தொட்டுவிட்டது என்று அர்த்தம், மல்லிகைப்பூவை மோந்தால் மல்லிகைப்பூவில் கொஞ்சம் உனக்குள் போய்விட்டது. கக்கூஸ் வாசனையையும் அப்படியே யோசித்துப் பாருங்கள் என்பேன், வகுப்பே ஐயே என்று கூச்சல் போடும். அந்தக் கூச்சலுக்காகவே வருஷா வருஷம் அந்த இடத்தை விடாமல் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன். மூலக்கூறுகள் இப்போதும் பறந்து வந்துகொண்டுதான் இருக்கும், பாவம், வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே ஆள் இல்லை.

"டீச்சர், ஆசிட்." யார்? நடுமேசைப் பெண். அடர் கந்தக அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, நான்தான் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எழுந்து போகிறேன். முட்டி வலிக்கிறது. குழாயைத் தள்ளிப் பிடி, முகத்துக்கு நேரே பிடிக்காதே, இன்னும் தள்ளி. சொட்டு. சொட்டு. குழாயின் அடி சூடாகிவிடும், தீயே வைக்காமல் சூடாகும், வெப்பம் உமிழ் வினை, இரண்டு பொருள் சேரும்போது வருகிற கோபம் என்று ஒருமுறை சொன்னேன், ஒருத்தி அதையே பரீட்சையில் எழுதிவைத்தாள். சிரித்துவிட்டு ஒரு மார்க் போட்டேன். கவனம், கவனம், பின்மேசை பர்னர். நீலமாக எரிகிறதா? எரிகிறது. எரிந்தால் பயமில்லை. எரியாமல் திறந்து கிடந்தால்தான் பயம். சமையல் கேஸுக்கென்று சொந்தமாக ஒரு வாசனையும் கிடையாது, அது சாது மாதிரி சத்தமில்லாமல் வந்து தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், காற்றைவிட அடர்த்தி அதிகம், கசிந்தால் மனிதருக்குத் தெரியட்டும் என்றுதான் கம்பெனிக்காரன் ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறான். இதைப் பாடமாக எடுத்தவள் நான். எடுத்தவள் வீட்டிலேயே ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்துபோய், குமிழ் திறந்தபடி இருக்க, நான் பக்கத்திலேயே நின்று சாவகாசமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. குமிழை அடைத்தார், ஜன்னலைத் திறந்தார், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பிடித்தபடியே நின்றார். திட்டியிருக்கலாம்.

அதனால் இங்கே நான் தினமும் எல்லாருக்கும் முன்னால் வருகிறேன். சோப்பு நுரையைப் பிரஷில் தொட்டு ரப்பர் குழாய் நெடுகத் தடவுகிறேன், ஒவ்வொரு மூட்டிலும் தடவுகிறேன், கசிவு இருந்தால் குமிழி வரும். குமிழி கண்ணுக்குத் தெரியும். கண் இருக்கிறதே இன்னும். வாசனை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். அம்மோனியாவா, ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகட்டும். அழுகின முட்டையா, லெட் அசிட்டேட் காகிதம் கறுக்கட்டும். "மூக்கை நம்பாதீங்க, காகிதத்தை நம்புங்க, அதுதான் விஞ்ஞானம்" என்று வகுப்பில் சொல்கிறேன், ரூபவதி டீச்சர் இப்போ ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆயிட்டாங்க என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். தப்பித்துக்கொண்டே இருந்தேன். பழ வாசனையில்தான் மாட்டிக்கொள்கிறேன். பழ வாசனைக்குக் காகிதம் இல்லை. வெள்ளைப் பொடியை எடு, எத்தில் ஆல்கஹால் சேர், அடர் அமிலம் விடு, லேசாகச் சூடுபண்ணு, ஆறவை, சோடா உப்புக் கரைசல் இருக்கும் பீக்கரில் ஊற்று, இனிய பழ மணம் வந்தால் எஸ்டர் உண்டாகியிருக்கிறது, கொடுத்த பொருள் கார்பாக்சிலிக் அமிலம். ஊற்றிவிட்டு ஒவ்வொருத்தியும் பீக்கரை என்னிடம் நீட்டுவாள். "வருதா டீச்சர்?" நான் குனிந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறி, கண்ணை மூடி, ஒரு நொடி நிறுத்தி, "ம், வருது" என்பேன். கண்ணை மூடுவது நன்றாகவே வரும் எனக்கு.

கண்ணை மூடினால் ஒரு காலத்தில் ஏதோ வந்தது. அதுதான் இப்போது பயம். முதல் இரண்டு வருஷம் வாசனை போயிருந்தாலும் ஞாபகம் இருந்தது. ராத்திரி படுக்கும்போது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன், மண்ணெண்ணெய், வா, வந்தது. புதுப் புத்தகம், வந்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சந்தலை, பாலும் பவுடரும் லேசான புளிப்பும், வந்தது, அதற்கு மட்டும் தனியாக அழுதேன். பிறகு ஒருநாள் மண்ணெண்ணெய் வரவில்லை. மண்ணெண்ணெய் என்ற சொல் வருகிறது, நீல நிறம் வருகிறது, ரேஷன் கடை வரிசை வருகிறது, வாசனை வரும் இடத்தில் ஒன்றும் இல்லை. நிறை அழியாது, ஆற்றல் அழியாது, ஒன்று இன்னொன்றாக மாறும், அவ்வளவுதான் என்று எத்தனை தடவை போர்டில் எழுதியிருப்பேன். இது எதுவாக மாறியது? களைப்பாக மாறியிருக்கும். வேறு என்னவாக மாறியிருக்கப் போகிறது? என் உடம்பில் இருப்பதெல்லாம் களைப்புத்தான். சாப்பாடு சூடாக இருக்கிறது அல்லது ஆறிவிட்டது, உப்பு இருக்கிறது அல்லது இல்லை, அதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல், நடுவில் பாத்ரூமில் போய்க் கழுத்தில் பவுடர், என்ன டீச்சர் கல்யாணப் பொண்ணு மாதிரி என்று ஸ்டாஃப் ரூமில் கேலி. அவர்களுக்கு என்ன, என் மேல் என்ன வாசனை வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

ஜன்னலோரம் இசக்கிப்ரியா நிற்கிறாள். ஒல்லிப் பெண், இரட்டைச் சடை, எண்ணெய் வழிகிற நெற்றி. சோடா உப்பு போட்டதும் நுரைத்துப் பொங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவு ஆசையாக யாரும் பார்ப்பதில்லை, மற்றவளெல்லாம் பொங்கியது என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் ஊற்றுகிறார்கள். அது இங்கே வழக்கம். கைடில் என்ன இருக்கிறதோ அதைக் காண்பன கட்டத்தில் எழுது. சோதனை, காண்பன, அறிவன என்று தாளில் மூன்று கட்டம், மூன்றையும் வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இங்கே வந்து கண்ணாடியைக் கழுவிவிட்டுப் போகிறார்கள். கண்டதை எழுதுங்கடி, காணாததை எழுதாதீங்கடி என்று கத்திக் கத்தித் தொண்டை போயிற்று எனக்கு. நான் சொல்கிறேன் பார் அதை. கண்ணை மூடிக்கொண்டு ம், வருது என்கிறவள் சொல்கிறேன்.

இவளை எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும். அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கும் என்னைப் போட்டிருந்தார்கள், விரவுதல் பாடம், வாயு மூலக்கூறு சும்மா இருக்காது, இருக்கும் இடம் முழுக்கப் பரவும். அதற்கு நான் எப்போதும் செய்கிற ஒரு வித்தை உண்டு. ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு முன் மூலையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பேன். யாருக்கு வாசனை வருகிறதோ அவள் கையைத் தூக்க வேண்டும், பேசக் கூடாது. முதல் பெஞ்சில் ஒரு கை எழும். பக்கத்தில் ஒன்று. இரண்டாவது பெஞ்ச், மூன்றாவது, கைகள் வரிசை வரிசையாக எழுந்து பின்சுவர் வரைக்கும் போகும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அறைக்குள் நடந்து போவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு அது. மூக்கு போன பிறகும் அதை நான் விடவில்லை, அது என்னைத் தாண்டித்தான் போகிறது, என் முகத்தில் பட்டுத்தான் போகிறது, கைகளைப் பார்த்துத்தான் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டேன். அப்போது இசக்கிப்ரியா கை எழுந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் கை எழுவதற்கு முன்னால் அவள் கண் பக்கவாட்டில் போயிற்று. பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்தது. அப்புறம்தான் எழுந்தது. வாசனைக்கு எதற்குக் கண் வேண்டும்? ஏதோ பராக்குப் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். பாடம் எடுக்கிற அவசரத்தில் எதைத்தான் நாம் யோசிக்கிறோம்?

சத்தம் குறைந்துவிட்டது. நேரம் ஆகிவிட்டது போல, பர்னரை அணைக்கச் சொல்கிறேன், ஒவ்வொரு மேசையாகப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்க்கிறேன், மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறது, இதுவும், இதுவும், பின்மேசைக் குமிழ் பாதியில் நிற்கிறது. தீ இல்லை. குமிழ் பாதியில். எவ்வளவு நேரமாக, யாருக்கும் தெரியவில்லையா, சொல்லவில்லையா, திருகுகிறேன், அது முன்பே முட்டிக்கொண்டு நிற்கிறது, நன்றாக மூடித்தான் இருக்கிறது, இந்தக் குமிழ் தேய்ந்துபோய் எப்போதும் இப்படிக் கோணலாகத்தான் நிற்கும், எனக்கே தெரியும், நானே போன மாசம் மாற்றச் சொல்லியிருந்தேன். "என்ன டீச்சர்?" என்கிறாள் அந்த மேசைப் பெண். "ஒண்ணுமில்ல, பேப்பரைக் கட்டு." தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிச் செத்துச் செத்துப் பிழைப்பது? என்றாவது ஒருநாள் அது உண்மையிலேயே திறந்திருக்கும். அன்றைக்கு நான் இங்கே சாவகாசமாக நின்றுகொண்டிருப்பேன்.

விடைத்தாள்கள் எங்கள் மேசைக்கு வந்துவிட்டன. அருள்தாஸ் சார் மளமளவென்று பார்க்கிறார், பஸ் பிடிக்க வேண்டும் அவருக்கு. டிக், டிக், டிக். இனிய பழ மணம். இனிய பழ மணம். ஒருத்தி பழ மனம் என்று எழுதியிருக்கிறாள், அதற்கும் டிக். நான் பக்கத்தைப் புரட்டிக் கொடுக்கிறேன், காகிதம் விரலில் ஒட்டுகிறது, தூக்கம் வருகிறது. டிக் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பார்க்கிறேன். அவர் ஒரு தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார், பேனாவை மூடுகிறார். "யாருங்க டீச்சர் இந்த இசக்கிப்ரியா? கூப்பிடுங்க." தாளை என் பக்கம் திருப்புகிறார். லிட்மஸ் சிவப்பாக மாறியது, சரி. நுரைத்துப் பொங்கியது, சரி. எஸ்டர் சோதனைக்கு நேரே காண்பன கட்டத்தில், குண்டுகுண்டான எழுத்தில், மணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வந்து நிற்கிறாள். கையில் பீக்கர். கொட்டாமல் வைத்திருக்கிறாள், கேட்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. அருள்தாஸ் சார் பீக்கரை வாங்கி மோந்து பார்க்கிறார். "இந்தா, ஜம்முனு வருதே பழ வாசனை. இது எப்படித் தெரியாமப் போகும்? எல்லாப் பிள்ளைங்களுக்கும் வந்துருக்கு, உனக்கு மட்டும் வரலியா?" அவள் பீக்கரையே பார்க்கிறாள். "நீ செய்யவே இல்ல, எழுதிவச்சிட்டு எவளோட பீக்கரையோ தூக்கிட்டு வந்துருக்க. அப்பிடித்தான?" "இல்ல சார், நாந்தான் செஞ்சேன்." "செஞ்சா வாசனை தெரியணும்ல?" அவள் என்னைப் பார்க்கிறாள். ஏன் என்னைப் பார்க்கிறாய், என்னைப் பார்க்காதே. "எல்லாத்துக்கும் முட்டை போட்டாத்தான் புத்தி வரும், அடுத்தவ பீக்கரைக் கொண்டாந்தா என்ன ஆகும்னு தெரியணும்" என்று என்னிடம் திரும்புகிறார், பீக்கரை நீட்டுகிறார். "நீங்களும் ஒருதடவை பாத்துச் சொல்லுங்க டீச்சர். அநியாயமா போட்டேன்னு வரக்கூடாது பாருங்க."

பீக்கரை வாங்குகிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. குனிகிறேன். பழக்கம், கை தானாக விசிறுகிறது, கண் தானாக மூடுகிறது. இருட்டு. ஈரமான காற்று. வேறு ஒன்றும் இல்லை. ம், வருது சார் என்று சொன்னால் இவள் திருடி ஆகிவிடுவாள். வரலையே சார் என்றால் அவர் திரும்ப மோந்து பார்ப்பார், வரும், என்னையே ஒரு மாதிரி பார்ப்பார். இரண்டு பதிலிலும் இவளுக்கு இடமில்லை. கண்ணை மூடியிருக்கும்போது அந்தக் கை எழுகிறது, ஒன்பதாம் வகுப்பு, ஊதுபத்தி, கண் பக்கவாட்டில் போகிறது, பக்கத்துக் கையைப் பார்க்கிறது, அப்புறம் எழுகிறது. ஐயோ. இவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் நானும் இவளும் மட்டும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் முன்னால் நின்று, இவள் நடுப்பெஞ்சில் உட்கார்ந்து. அது எங்கள் இரண்டு பேரையும் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறது. கண்ணைத் திறக்கிறேன்.

"ஏட்டி, ஒன்பதாங்கிளாஸ்ல ஊதுபத்தி கொளுத்தி வச்சேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு உனக்கு வாசனை வந்துச்சா?" அருள்தாஸ் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். இசக்கிப்ரியா நகத்தால் பாவாடை மடிப்பைக் கீறுகிறாள். "இல்ல டீச்சர். கௌசல்யா தூக்குனா, நானும் தூக்குனேன்." "எப்பவாச்சும் எதுலயாச்சும் வந்துருக்கா?" "இல்ல டீச்சர். சின்னதுல இருந்தே." "வீட்டுல சொல்லலியா?" "வாசனைன்னு எல்லாரும் சும்மா சொல்லிக்கிடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர். ரொம்ப நாள் கழிச்சுத்தான் நெசமாவே வரும்னு தெரிஞ்சது." "அப்புறம் இன்னைக்கு மட்டும் ஏன் இப்பிடி எழுதுன? எல்லாரையும் மாதிரி எழுதித் தொலைய வேண்டியதுதான?" இதை ஏன் கேட்டேன், பதில் எனக்குத் தெரியாதா என்ன? "நீங்கதான டீச்சர் சொல்வீங்க, காணாததை எழுதாதீங்கன்னு." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அருள்தாஸ் சார் சிரிக்கிறார், கெட்ட சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. "என்ன டீச்சர் இது, கதை மாதிரி இருக்கு. கண்ணு தெரியாம இருப்பாங்க, காது கேக்காம இருப்பாங்க. வாசனையே தெரியாம ஒரு மனுஷி இருப்பாளா? இருந்தா இத்தனை வருஷம் கூட இருக்கிறவங்களுக்குத் தெரியாமலா போகும்?" தொட்டியில் சத்தம் நின்றிருக்கிறது, செல்லத்தாய் தண்ணீரை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். லேப் சாவி என் இடுப்பில் இருக்கிறது, அதன் குளிர்ச்சி தெரிகிறது. ஆறாம் வகுப்பு தெரிகிறது, திண்மம் நீர்மம் வாயு. சொல்லித் தொலைக்காதே என்கிற வீட்டுக்காரர் முகம் தெரிகிறது, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற முதுகும் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது, களைப்பாக இருக்கிறது, இந்தப் பீக்கரை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றிருக்கிறது.

"இருப்பாங்க சார்" என்றேன். "நான் இருக்கேன்."

அவர் புரியாமல் பார்த்தார். திரும்பவும் சொன்னேன், சத்தமாக, வாசலுக்கும் கேட்கும்படி. காய்ச்சல் வந்தபோது போனது சார், திரும்பி வரல. இந்தப் பீக்கர்ல வாசனை இருக்குன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில வடையில பெருங்காயம் இருந்ததும் நீங்க சொல்லித்தான் தெரியும். இந்தப் பிள்ளை தனக்கு எது தெரியலையோ அதைத் தெரியலைன்னு எழுதியிருக்கா, மத்த ரெண்டு சோதனையை வச்சு அமிலம்னு சரியா முடிவு பண்ணியிருக்கா, வேற எவ பேப்பர்லயாச்சும் இத்தனை உண்மை இருக்கான்னு காட்டுங்க. அருள்தாஸ் சார் பீக்கரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். இசக்கிப்ரியா தாளில் அந்த வரிக்கு நேரே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு டிக் போட்டார். பிறகு மற்றத் தாள்களைப் புரட்டினார். எல்லாம் முடிந்து கட்டிச் சீல் வைத்த பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல டீச்சர். ஆனா ஹெச்.எம். கிட்ட நீங்களே சொல்லிருங்க. கேஸ் இருக்கிற இடம் பாருங்க" என்றார். "சொல்லிருறேன் சார்" என்றேன். அவர் சொல்வது சரிதான். சரி என்பதால்தான் இத்தனை வருஷமாக அதை யார் வாயிலிருந்தும் கேட்காமல் இருக்கப் பார்த்தேன். நாளைக் காலையில் சாவியைக் கொண்டுபோய் ஹெச்.எம். மேசையில் வைத்துவிட வேண்டும். இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன், சாதாரணச் சாவிதான்.

எல்லாரும் போய்விட்டார்கள். மின்விசிறியைப் போட்டேன். இசக்கிப்ரியா மட்டும் போகாமல் தன் பீக்கரைக் கழுவத் தொட்டியருகே நின்றாள், ஊற்றவும் மனசில்லாமல், அந்தக் கரைசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றினாள். "டீச்சர்" என்றாள் திரும்பாமலே, "இந்தப் பழ வாசனைன்னு சொல்றாங்கள்ல, அது எப்பிடி இருக்கும்?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாக எத்தனை பீக்கரில் மோந்தது. வாழைப்பழமா, அன்னாசியா, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பார்களே அதுவா, அதில்லை, மிட்டாய்க் கடையில் நுழைந்ததும் ஒன்று வருமே, அது எப்படி வரும், பழம் கண்ணுக்குத் தெரிகிறது, மஞ்சளாகத் தெரிகிறது, கன்னத்தில் பட்டால் வழவழப்பு, இனிப்பு நாக்கு நுனியில் நிற்கிறது, அதற்குப் பின்னால், அதற்குப் பின்னால் ஒன்று இருந்தது. கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மறந்துபோச்சுட்டி" என்றேன்.

அவள் பீக்கரைக் கவிழ்த்து வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பரவால்ல டீச்சர்" என்றாள். "பழகிரும்."